ஷெரீஃப் கேலின் முதுகு

ஹோமர் டிப்டன் ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டு, ஷெரீஃபின் இடுப்பில் அவசர அவசரமாகப் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றாள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி பெர்னிஸ். "துப்பாக்கியோட பிடி இன்னும் தெரியுது."

"மெதுவாப் பேசு. யாராவது வந்துடப் போறாங்க."

"வந்தா என்ன சொல்லுவ? ஷெரீஃபுக்கு இடுப்புல வலி, தைலம் தடவுறேன்னா?"

மணி ஒன்பதே முக்கால். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஊரே திரளப் போகிறது. அதற்குள் ஷெரீஃபின் இடது இடுப்பில் தொங்கும் துப்பாக்கி மறைந்தாக வேண்டும். இல்லையென்றால் ஹோமரின் முப்பத்தெட்டு வருட மானம் கப்பலேறிவிடும்.

ஷெரீஃப் என்றதும் பதற வேண்டாம். ஊர் சினிமாக் காட்சிக்கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்த படம்தான். பன்னிரண்டடி உயரப் புகைப்படம். நீளக் கோட்டும் தொப்பியுமாக ஒரு மனிதர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே, வெகு தூரத்தில், எறும்பு அளவுக்கு வில்லன். இருவரையும் சுற்றிப் பாறைகள்.

'புழுதிக்கு அப்பால்' படத்தின் கடைசிச் சண்டை. 1957-இல் இதே மெர்சி வெல்ஸில், நெவாடாப் பாலைவனத்தின் இந்தப் பாறைக்காட்டில், மூன்று வாரம் கூடாரமடித்துத் தங்கி எடுத்த படம். கதையைக் கைக்குட்டையில் எழுதி மடித்து வைத்துவிடலாம். கிணற்றை வளைத்துப்போட்ட ஓர் அயோக்கியன், அவனைத் தேடி வரும் ஷெரீஃப் கேல், போகாதே என்று தடுக்கும் பள்ளிக்கூட டீச்சர். அவ்வளவுதான். ஆனால் யார் அதைக் கதைக்காகப் பார்த்தார்கள்? ஷெரீஃபாக வந்த வான்ஸ் டெல்மாருக்காகப் பார்த்தார்கள். முழுப் படத்திலும் அவர் பேசிய வார்த்தைகளை எண்ணினால் நூறு தேறாது. எந்தப் புயலிலும் ஒரு முடிகூட அசையாத அந்தக் கருகரு தலைக்காகவே பெண்கள் மூன்று தடவை பார்த்தார்கள். வில்லன் ஆட்டோ பிரிஸ்கோ சிரித்தால் குழந்தைகள் நாற்காலிக்கு அடியில் போய்விடும். நிஜத்தில் அந்த மனிதர் ஷாட்டுக்கு ஷாட் நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தவர். அதில் ஒரு ஜோடி இந்தக் காட்சிக்கூடத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. டீச்சராக நடித்தவர் கோரின் ஆஷ்பி. அப்போது இருபத்திரண்டு வயது. மொத்தம் ஏழு வசனம். அதில் நான்கு, 'போகாதீங்க, ஷெரீஃப்.'

எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகு.

கடைசிச் சண்டையில் ராட்சத விசிறிகளை வைத்துப் புழுதியைக் கிளப்பியிருப்பார்கள். அந்தப் புழுதிக்குள் ஷெரீஃபின் முதுகு நிழலாக நான்கே நான்கு விநாடி தெரியும். லேசாகச் சரிந்த வலது இடுப்பு, தரையிலிருந்து அரை அங்குலம் எழும்பிய இடது குதிகால். பாயப் போகும் புலி என்று ஒரு பத்திரிகை எழுதியது. அமெரிக்க சினிமாவிலேயே ஆம்பளைத்தனமான முதுகு என்று இன்னொன்று எழுதியது. அந்த வரியை ஹோமர் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்.

படத்தில் புழுதியால் பாறைகள் தெரியாது. விசிறியைப் போடுவதற்கு முன்னால் யாரோ எடுத்த ஒரே ஒரு ஸ்டில்லில்தான் தெரியும். அந்த ஸ்டில்தான் ஹோமரின் வாழ்க்கையைக் கெடுத்தது.

மெர்சி வெல்ஸில் ஞாயிற்றுக்கிழமையானால் பாதிப் பேர் தேவாலயத்துக்குப் போவார்கள். மீதிப் பேர் ஒரு பழைய சினிமா ஸ்டில்லை எடுத்துக்கொண்டு பாறைக்காட்டுக்குள் போவார்கள். இங்கே எடுத்த படங்கள் அறுபதுக்கு மேல். எந்தக் காட்சியை எந்தப் பாறைக்கு முன்னால் எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் ஊரின் பைத்தியம். ஸ்டில்லைக் கைநீட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணை மூட வேண்டும். முன்னால் நாலடி, பின்னால் ரெண்டடி, பக்கவாட்டில் முள்செடிக்குள் ஓரடி. படத்திலுள்ள மேடு பள்ளமும் நிஜத்திலுள்ள மேடு பள்ளமும் எங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறதோ, அங்கேதான் கேமரா நின்றது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். என்ன, இங்கே மாப்பிள்ளையும் பாறை, பெண்ணும் பாறை.

அப்போது ஊர் போஸ்ட் மாஸ்டராக இருந்த ஹோமர் பதினாலு மாதம் அலைந்து, இரண்டு முறை பாம்பை மிதித்து, 1981-இல் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே பித்தளைப் பலகை பதித்தார்கள். 'ஷெரீஃப் கேல் நின்ற இடம். கண்டறிந்தவர்: ஹோமர் டிப்டன்.' உலகத்தில் அவர் பெயர் பொறித்த பொருட்கள் இரண்டுதான். மற்றது அவர் வீட்டுத் தபால் பெட்டி.

பத்துப் பொருத்தத்தில் ஒன்பது கச்சிதம். ஒன்றுதான் உதைத்தது. ஸ்டில்லில், ஷெரீஃபின் தொப்பிக்கு வலது பக்கம், பல் மாதிரி ஒரு பாறை துருத்திக்கொண்டு நிற்கும். ஹோமரின் இடத்தில் அந்தப் பல் இல்லை. பனியில் வெடித்து விழுந்திருக்கும் என்று அவர் சொன்னார். ஊர் நம்பியது. வெல்டா கிரைம்ஸ் நம்பவில்லை.

அரை மைல் கிழக்கே வெல்டாவின் பண்ணை. படப்பிடிப்புக்குக் குதிரைகள் கொடுத்தவர் அவளுடைய அப்பா. 'நடிகருங்க எல்லாம் அடிக்கடி நம்ம பெரிய பாறைக்குத்தான் வருவாங்க' என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே சண்டை நடந்தது தன் பாறையில்தான் என்று வெல்டா முப்பத்தெட்டு வருடமாகச் சண்டை போடுகிறாள். அந்தப் பாறையில் ஒரு பல்லும் இருந்தது. ஆனால் இடது பக்கத்தில்.

அந்தப் படத்துக்காக ஊர் வருடாவருடம் எடுக்கும் விழாவுக்கு இந்த முறை கோரின் ஆஷ்பி வருகிறார் என்றதும் விழாக் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. அந்தப் படத்தில் நடித்தவர்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். பன்னிரண்டு மணிக்கு அவரே இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஹோமரின் பாறை தப்பு என்றால், பலகையைக் கழற்றிவிட்டு அடுத்த வருடம் முதல் விழா வெல்டாவின் பண்ணையில்.

ஹோமர் கவலைப்படவே இல்லை. இன்று காலை ஆறு மணி வரை.

விழாவுக்காக உள்ளங்கை அளவு ஸ்டில்லை ரீனோ நகரத்துக்கு அனுப்பிப் பன்னிரண்டடிக்குப் பெரிதாக்கி வாங்கியிருந்தார்கள். விடிந்ததும் ஹோமர் ஆசையாக வந்து பார்த்தார். இத்தனை வருடமும் கோட்டின் மடிப்பு என்று நினைத்திருந்த கறுப்புத் தீற்றல் கோட்டு மடிப்பில்லை. துப்பாக்கி. இடது இடுப்பில்.

ஷெரீஃப் கேல் வலது கைக்காரர். படம் முழுக்க வலது கையால் சுடுவார், வலது கையால் காபி குடிப்பார், வலது கையால் அறைவார். அப்படியானால் இதற்கு ஒரே அர்த்தம்தான். ஸ்டில்லை அச்சடித்தவன் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறான். கண்ணாடியில் தெரிவது போல வலது இடதாகிவிட்டது. வலது பக்கத்துப் பல் உண்மையில் இடது பக்கத்துப் பல்.

அந்தப் பல் யாருடைய பண்ணையில் இருக்கிறது என்பது ஹோமருக்குத் தெரியும்.

"முடிஞ்சுது," என்று அவர் ஏணியிலிருந்து இறங்கினார். "தெரியுதா?"

பெர்னிஸ் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். "துப்பாக்கி தெரியல. ஆனா ஷெரீஃப் சாணியில உக்காந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு."

"யாருக்கு மேக்கப்பு?" என்று வாசலில் ஒரு குரல்.

வெல்டா. அறுபது வயது, ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, தொப்பியோடு சேர்த்தால் ஆறடிக்கு மூன்று அங்குலம் கூட. ஹோமர் சாய டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சாயம் அவர் கால்சட்டையில் வழிந்தது.

"தூசி தொடைச்சேன்," என்றார்.

"தூசிய பிரஷ்ஷால தடவியா தொடைப்பாங்க?" அவள் நேராகச் சுவரிடம் போனாள். விரலை வைத்தாள். விரல் பழுப்பானது. மோந்து பார்த்தாள். கழுத்துத் துண்டை உருவி ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

துப்பாக்கி பளிச்சென்று வந்தது.

நான்கு விநாடி. படத்தில் ஷெரீஃபின் முதுகு தெரியும் அதே அளவு. பிறகு வெல்டாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வலது ஓரத்தில் ஆரம்பித்து, அவசரமே இல்லாமல், இடது ஓரம் வரைக்கும் போனது.

"அட ஹோமரு," என்றாள். "நீ போஸ்ட் ஆபீஸ்லயும் கவரைத் திருப்பிப் பிடிச்சுத்தான் அட்ரஸ் படிச்சியா?"

செல்போனை எடுத்துப் படத்தைச் சொடுக்கினாள். விரலால் ஒரு தட்டு. திரையில் ஷெரீஃப் இடமிருந்து வலம் மாறினார். துப்பாக்கி வலது இடுப்புக்கு வந்தது. பல் இடது பக்கம் போனது.

"பாத்தியா? எங்க வீட்டுப் பாறை. எங்கப்பா சொன்ன பாறை."

"வெல்டா, உன் பாறையில அந்த விரிசல் கிடையாது. மேல இருக்கிற பள்ளமும் கிடையாது. ஏழு பொருத்தம்கூட வராது."

"துப்பாக்கி வருதே. துப்பாக்கி பொய் சொல்லுமா?" அவள் போனைப் பைக்குள் போட்டாள். "நான் அவ்வளவு கெட்டவ இல்ல. பன்னெண்டு மணி வரைக்கும் டைம். நீயா மேடை ஏறி ஒத்துக்கிட்டா மரியாதையா முடிச்சுக்கலாம். இல்லைன்னா மைக்கை நான் வாங்குவேன். நான் மைக்கைப் பிடிச்சா சீக்கிரம் விட மாட்டேன், உனக்குத் தெரியும்."

தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் நன்றியுரை சொல்ல ஏறியவள் ஒன்றே கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கினாள்.

கோரின் ஆஷ்பி பத்தரை மணிக்குத் தீயணைப்பு வண்டியின் மேல் உட்கார்ந்து வந்தார். எண்பத்து நாலு வயது. கையில் ஊன்றுகோல், உதட்டில் சிவப்புச் சாயம். இறங்கி நின்றபோது இந்த வயதிலும் ஹோமர் அவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"நீங்கதான் பாறை டிப்டனா?" என்றார்.

"இப்போதைக்கு, மேடம்," என்றார் ஹோமர்.

பெர்னிஸின் கூடாரத்தில், மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட பீச் பழப் பை ஆறிக்கொண்டிருந்தது. கோரின் இரண்டு துண்டு சாப்பிட்டார். மேசைக்கு முன்னால் வரிசை கட்டி நின்றவர்களுக்குக் கையெழுத்துப் போட்டார். எழுத எழுத, எழுதிய மையின் மேலேயே கை உராய்ந்து, பாதிக் கையெழுத்துகள் தேய்ந்துபோயின. உள்ளங்கையின் ஓரமெல்லாம் நீலம்.

"ஸ்கூல்ல இதுக்குத்தான் அடி வாங்குவேன்," என்று சிரித்துக்கொண்டே பெர்னிஸிடம் கையை நீட்டினார். பெர்னிஸ் ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். ஹோமர் எதையும் கவனிக்கவில்லை. அவர் பார்வை கடிகாரத்தில் இருந்தது. பத்து ஐம்பது.

"உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று பெர்னிஸ் அவரை ஓரமாக இழுத்தாள். "சொல்லப் போறியா, மாட்டியா?"

"சொன்னா பலகை போச்சு."

"சொல்லலைன்னா?"

"வெல்டா சொல்லுவா. அப்பவும் போச்சு."

"அப்புறம் எதுக்கு யோசனை? ரெண்டுலயும் பலகை போகுதுன்னா, கழட்டுறது யாருங்கிறதுதான் பாக்கி." பழப் பையில் ஒரு துண்டை அவர் வாயில் திணித்தாள். "மென்னு முழுங்கு. முதுகுப் போட்டிக்கு நேரமாச்சு."

முதுகுப் போட்டிதான் விழாவின் உயிர். பதினோரு ஆண்கள் நீளக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, வலது இடுப்பில் துப்பாக்கியைத் தொங்கவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். யாருடைய முதுகு ஷெரீஃப் கேலின் முதுகு மாதிரியே இருக்கிறதோ அவருக்குக் கோப்பை. ஹோமர் ஒன்பது முறை ஜெயித்தவர். இடுப்பைச் சரிப்பதற்காக ஒரு குளிர்காலம் முழுக்கக் கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்ததில், அவருக்கு நிரந்தரமாகவே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது.

இந்த வருடம் நீதிபதி கோரின் ஆஷ்பி.

அவர் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். மூன்றாவது முதுகில் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆறாவது முதுகில் கைக்குட்டையை எடுத்தார். ஹோமரின் முதுகுக்கு வந்தபோது கண்ணில் தண்ணீர்.

"அழுறாங்க," என்று கூட்டத்தில் ஒருவர் நெகிழ்ந்தார். "பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு பாவம்."

அழவில்லை. தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் பெர்னிஸுக்குத் தெரிந்தது.

"தம்பி," என்று கோரின் ஹோமரின் முதுகைப் பார்த்துச் சொன்னார், "ரொம்ப வீரமா நிக்கிறீங்க. இவ்வளவு வீரம் வேண்டாம். கால் வலிக்கிற மாதிரி நில்லுங்க."

"ஷெரீஃப் கேலுக்குக் கால் வலிக்காது மேடம்," என்றார் ஹோமர் திரும்பாமல். போட்டி நேரத்தில் திரும்பினால் தகுதி நீக்கம். விதியை எழுதியவரே அவர்தான்.

"சரி. வரிசையில ஏன் பொம்பளைங்க யாரையும் காணோம்?"

"கேளுங்க மேடம், நல்லாக் கேளுங்க," என்றாள் வெல்டா கூட்டத்திலிருந்து. "இருபது வருஷமா நானும் கேக்குறேன். என் உயரத்துக்கு இந்தப் பதினோரு பேர்ல ஒருத்தராவது இருக்காங்களான்னு பாருங்க."

"அது விதி மேடம்," என்றார் ஹோமர். "தப்பா நினைக்காதீங்க. பொம்பளைங்க எதுல வேணா ஜெயிக்கலாம். ஆனா அது ஆம்பளை முதுகு. அந்த நிப்பு ஒரு பொம்பளைக்கு வராது."

கோரின் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை. கோப்பையை யாருக்கும் தராமல், தீர்ப்பை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார்.

மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

பாறைக்கு முன்னால் முந்நூறு பேர். பித்தளைப் பலகை வெயிலில் தகதகத்தது. பக்கத்தில் சிறிய மேடை. கோரின் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் வெல்டா. ஒரு கையில் செல்போன். மறு கையால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள்.

ஹோமர் மேடை ஏறினார். இன்னும் கோட்டையும் தொப்பியையும் கழற்றவில்லை. கோட்டுப் பையில் திருப்புளி இருந்தது. மைக்கைப் பிடித்தார். மைக் கீச்சென்று கத்தியது. அது அடங்கும்வரை காத்திருந்தார். பெர்னிஸைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையசைத்தாள்.

"அந்த ஸ்டில் தலைகீழ் இல்ல, இடம் வலம் மாறி அச்சாயிருக்கு," என்றார். "காலையிலதான் பாத்தேன். துப்பாக்கி இடது பக்கம் இருக்கு. அதை மறைக்க சாயம் பூசினேன். அதுவும் நான்தான். முப்பத்தெட்டு வருஷமா உங்களைத் தப்பான பாறைக்குக் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கேன். வெல்டா சொன்னதுதான் சரி."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று வெல்டா எதிர்பார்க்கவில்லை; கையிலிருந்த போனை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

ஹோமர் இறங்கிப் போய்ப் பலகைக்கு முன்னால் மண்டியிட்டார். நான்கு திருகுகள். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது கொஞ்சம் அழவைத்துவிட்டு வந்தது. நான்காவதில் திருப்புளியை வைத்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"தம்பி, அந்த ஒண்ணை விட்டு வைங்க," என்றார் கோரின். பிறகு வெல்டாவிடம் கையை நீட்டினார். "அந்தப் போனைக் காட்டும்மா. படத்தை மாத்தி வெச்சிருக்கியே, முதல்ல இருந்த மாதிரி திருப்பு."

வெல்டா திருப்பினாள். கோரின் போனை எட்டப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பாறையைப் பார்த்தார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் மாதிரியே இருந்தது.

"இதே இடம்தான்," என்றார்.

"பல் இல்லையே மேடம்," என்றாள் வெல்டா. "வலது பக்கம் பல் மாதிரி ஒரு கல். அது இங்க எங்க?"

"அது கல்லே இல்லம்மா. கோழி வலையில பழைய பேப்பரை ஒட்டிச் சாயம் அடிச்சது. பின்னாடி விசிறி இருந்துச்சு, அதை மறைக்கணுமே. சாயந்தரம் லாரியில தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு," என்றாள் வெல்டா. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "நடிகருங்க எல்லாரும் எங்க பாறைக்கு அடிக்கடி வந்தாங்கன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு."

"உங்கப்பா சொன்னது சத்தியம். நான் வந்திருக்கேன். வான்ஸ் வந்திருக்கார். ஆட்டோ காலுறையைப் பின்னிக்கிட்டே வருவார். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை." கோரின் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்; ஆனால் மைக் இன்னும் அணையவில்லை. "நாங்க நூறு பேரும்மா. இந்த வெட்டவெளியில ஒதுங்குறதுக்கு வேற மறைவு எங்க இருந்துச்சு?"

சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது. வெல்டா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் மூன்று திருகுகளையும் மறுபடி முறுக்கிவிட்டுப் பழப் பை சாப்பிடப் போயிருப்பார்கள். ஹோமர் பதினாலு மாதம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலைந்தவர். ஒன்பது பொருத்தத்தோடு அவரால் தூங்க முடியாது.

"ஆனா மேடம்," என்றார்.

"வாயை மூடு ஹோமர்," என்று பெர்னிஸ் பல்லைக் கடித்தாள்.

"ஆனா மேடம், துப்பாக்கி இடது பக்கம் இருக்கே. வான்ஸ் டெல்மார் வலது கைக்காரர். படம் சரியா அச்சாயிருந்தா அது எப்படி இடது பக்கம் வரும்?"

கோரின் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பரிதாபமா, குறும்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத பார்வை.

"ஒரு சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன் தம்பி. டைரக்டர் போயிட்டார். ஆட்டோ போயிட்டார். வான்ஸ் போய் இருபது வருஷம் ஆச்சு. போன மார்ச்சுல அவர் சம்சாரமும் போயிட்டாங்க. இனிமே யாருக்கும் வலிக்காது." ஊன்றுகோலை பெர்னிஸிடம் கொடுத்தார். "அன்னிக்கு ஒத்திகையில விசிறியைப் போட்டுப் பாத்தாங்க. வான்ஸோட முடி பறந்துடுச்சு."

"கலைஞ்சுதா?" என்றார் ஹோமர்.

"பறந்துடுச்சு. மொத்தமா. தலை தனியா, முடி தனியா. போய் விழுந்த இடத்துல உங்க வெல்டா அப்பாவோட குதிரை நின்னுது. புல்லுன்னு நினைச்சுதோ என்னவோ."

"தின்னுடுச்சா?" என்றாள் வெல்டா தொப்பிக்குள்ளிருந்து.

"பாதி. லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து வேற முடி வர ரெண்டு நாள் ஆகும். வான்ஸ் கூடாரத்துக்குள்ள போய்க் கயித்தை இழுத்துக் கட்டிக்கிட்டார். உலகமே இடிஞ்சாலும் வர மாட்டேன்னுட்டார். வெளிச்சம் இறங்கிக்கிட்டு இருக்கு. டைரக்டர் அவர் உயரத்துக்கு ஆள் தேடிச் சுத்திச் சுத்திப் பாத்தார். உங்க தொப்பியைக் குடுங்க. கோட்டையும் குடுங்க. அந்தத் துப்பாக்கி வாரும் வேணும்."

ஹோமர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். கோரின் கோட்டை மாட்டிக்கொண்டார். ஹோமருக்குத் தரையைத் தொட்ட நீளம் அவருக்குக் கச்சிதமாக இருந்தது. வாரை இடுப்பில் சுற்றி, துப்பாக்கியை, கையெழுத்துப் போட்ட இடது கையின் பக்கத்துக்கு நகர்த்தி, இறுக்கிக்கொண்டார். தொப்பியைச் சரித்தார். பலகையைத் தாண்டி நான்கடி நடந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

வலது இடுப்பு லேசாகச் சரிந்தது. இடது குதிகால் அரை அங்குலம் எழும்பியது. இடது கை துப்பாக்கியின் மேல் காற்றில் அசையாமல் நின்றது.

கோட்டும் தொப்பியுமாக ஓரமாக நின்ற பத்து ஆண்களும், தொப்பியில்லாத ஹோமரும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முதுகைப் பார்த்தார்கள்.

"பூட்ஸ் அவரோடது தம்பி," என்றார் கோரின் ஆஷ்பி, திரும்பாமல். "மூணு சைஸ் பெருசு. இடது குதிகால்ல கொப்புளம். ஊனவே முடியல."